பனிக்கோட்டு வாங்கக் கிள்ளானுக்கு

மலேசியாவின் கிள்ளானில் ஆண்டு முழுக்க ஒரே பருவம்தான். பகலில் 32, 33 டிகிரி வெயில், சாயங்காலம் ஒரு மழை, மறுநாள் மறுபடியும் அதே வெயில். அந்த ஊரில் கம்பளிக் கோட்டை யார் வாங்குவார்கள்? ஒருவரும் வாங்கமாட்டார்கள். அதனால்தான் நாங்கள் வாங்கப் போனோம்.

என் சித்தி மகள் அங்கே தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவள் மகனுக்கு ஜெர்மனியில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. அக்டோபரில் வகுப்பு. விசாவுக்காக வங்கியில் முடக்கி வைக்க வேண்டிய பணம், விமானச் சீட்டு, வாடகை முன்பணம் எல்லாம் போகக் குளிருடைக்கென்று அவள் ஒதுக்கியிருந்தது 400 வெள்ளி. ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். முந்தின வாரம் ஒரு பெரிய மாலில் பார்த்த கோட்டு ஒன்றுக்கே 500-க்கு மேல் விலை. கோட்டு மட்டும்; உள்ளே போட எதுவும் இல்லாமல்.

“பண்டல் கடைக்குப் போவோம் மாமா” என்றான் பையன்.

மூட்டை மூட்டையாகக் கப்பலில் வரும் பழைய துணியைப் பிரித்து விற்கும் கடைகளுக்கு மலேசியாவில் பண்டல் கடை என்று பெயர். மலாய், சீன, தமிழ் இளைஞர்கள் எல்லோருக்கும் அது பழகிய இடம். பழைய துணியை அணிகிறோம் என்ற கூச்சம் அவர்களிடம் துளியும் இல்லை. “இது பண்டல்” என்று சட்டையைக் காட்டிப் பெருமையாகச் சொல்கிறார்கள். கூச்சமெல்லாம் அவர்களுடைய அம்மாக்களிடம்தான்.

“யாரு உடுத்துனதோ அண்ணே” என்றாள் தங்கை. “செத்தவங்களோட துணியாக்கூட இருக்கும்.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இருக்கலாம்தான். நம் வீடுகளில் அண்ணன் சட்டை தம்பிக்கு வரும், அத்தையின் பட்டு மருமகளுக்குப் போகும், அதில் யாரும் குறை காண்பதில்லை. ரத்த சம்பந்தமில்லாத உடம்பு தொட்ட துணி என்றால் மட்டும் மனம் பின்வாங்குகிறது. பழம்புடவையைப் போட்டுப் பாத்திரம் வாங்கத் தெரிந்த நமக்கு, அந்தப் பழம்புடவையை வாங்கிக் கட்டுகிறவர் யார் என்று கேட்கத் தோன்றியதில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. ஆசிரியைகளிடம் பாடம் நடத்தக் கூடாது. “பார்த்துட்டு வரலாம், வாங்கணும்னு இல்ல” என்றேன். காடியை எடுத்தாள். அங்கே காருக்கு அதுதான் பெயர்.

முதலில் சுபாங் ஜெயா பக்கம், ஜாலான் ஜாலான் ஜப்பான் என்ற கடைக்கு. ஜப்பானில் 1990-ல் பழைய புத்தகக் கடையாகத் தொடங்கிய புக் ஆஃப் நிறுவனம், பின்னாளில் துணி, பொம்மை, பாத்திரம் என்று எல்லாப் பழம்பொருளும் வாங்கி விற்க ஆரம்பித்தது. ஜப்பானியக் கடைகளில் விற்காமல் தேங்கியதைக் கொண்டுவந்து விற்க, 2016-ல் மலேசியாவில் அது திறந்ததுதான் இந்தக் கடை. உள்ளே போனால் குளிரூட்டிய கிடங்கு. வரிசை வரிசையாகக் கம்பி, கம்பி முழுக்கத் துணி. ஒரு பக்கம் பீங்கான் கிண்ணங்கள், இன்னொரு பக்கம் பள்ளிக்கூடத் தோல்பைகள், கித்தார், கோல்ஃப் மட்டை, யாரோ ஒரு குழந்தையின் பெயர் எழுதிய பொம்மைப் பெட்டி. ஒரு நாட்டின் பரணை மொத்தமாகக் கவிழ்த்துக் கொட்டியது மாதிரி இருந்தது.

கூட்டம் டீ-சட்டைப் பக்கத்தில். கடைசி மூலையில், ஆளில்லாத வரிசையில், கோட்டுகள். கருப்பு, சாம்பல், கருநீலம், ஒட்டக நிறம். தொட்டுக்கொண்டே நடந்தேன். நல்ல கம்பளி விரலுக்கு உடனே தெரிந்துவிடும். பாலியெஸ்டர் கலந்தது கொஞ்சம் வழுக்கும், கொஞ்சம் சூடாகும். அதே தரக் கோட்டை டோக்கியோவின் ஷிமோகிடாஸாவாவில், பழைய துணிக்கென்றே பேர்போன தெருக்களில், குளிர்காலத்துக்குமுன் தேடினால் இந்த விலைக்குக் கிடைக்காது. அங்கே அது தேவைப்படும் பொருள். இங்கே இடத்தை அடைக்கும் பொருள். ஒரு துணி எந்த ஊருக்குப் பொருந்தவில்லையோ அந்த ஊரில்தான் அதன் விலை விழுகிறது. குறைந்த காசில் நன்றாக உடுத்த நினைக்கிறவர் தள்ளுபடிப் பலகையைத் தேடுவதைவிட இந்தப் பொருத்தமின்மையைத் தேடலாம் என்பது என் கட்சி.

பையன் கைபேசியை எடுத்தான். ஜப்பானியத் துணியின் உள்பக்கத்தில் தைத்திருக்கும் சீட்டு ஒரு சின்ன ஜாதகம். எந்த நூல் எத்தனை சதவீதம் என்று எழுதியே ஆகவேண்டும் என 1962-ல் அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். எழுத்து புரியாவிட்டாலும் எண் புரியும். கேமராவைக் காட்டினால் எழுத்தையும் மொழிபெயர்த்துவிடுகிறது. வயதும் ஓரளவு தெரியும். சலவைக் குறியீடுகளை ஜப்பான் 2016 டிசம்பரில் உலக வழக்கத்துக்கு மாற்றியது. அதற்குமுன் வந்த சீட்டில் சலவை இயந்திரத்தின் படமே குட்டியாக வரைந்திருக்கும். பிறகு வந்ததில் தண்ணீர்த் தொட்டி மட்டும். சலவை இயந்திரம் தெரிந்தால் அந்தத் துணி அநேகமாக 2016-க்கு முந்தியது. பழசு என்பதற்காக ஒதுக்க வேண்டாம். பல ஆண்டு துவைத்தும் தொங்கியும் உருக்குலையாமல் நிற்கிற துணி தன் பரீட்சையை எழுதி முடித்துவிட்டது. புதுத் துணி இனிமேல்தான் எழுத வேண்டும்.

அளவு இன்னொரு புதிர். ஜப்பானிய எல் நம் ஊர் எம்முக்குப் பக்கத்தில் நிற்கும். ஆனால் ஆண்களின் கோட்டு சூட்டுகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் முறை நம் எஸ், எம், எல்லைவிட எவ்வளவோ புத்திசாலித்தனமானது. ஓர் எழுத்து, ஓர் எண். எண் உயரம்: 5 என்றால் 170 செ.மீ., 6 என்றால் 175, 7 என்றால் 180. எழுத்து உடல்வாகு: மார்புக்கும் இடுப்புக்கும் 16 செ.மீ. வித்தியாசம் இருந்தால் ஒய், 12 என்றால் ஏ, 10 என்றால் ஏபி, 8 என்றால் பி. தொப்பை ஏற ஏற எழுத்து மாறும், உயரம் மாறாது. “உங்க எழுத்து எது மாமா?” என்று பையன் கேட்டான். அளக்க வேண்டாம் என்றேன். அவன் ஒல்லி, 175 செ.மீ., ஆகவே ஒய் 6. அந்த எழுத்தும் எண்ணும் உள்ள சாம்பல் ஜாக்கெட் ஒன்று 25 வெள்ளிக்கு இருந்தது. போட்டுப் பார்த்தான். தோள்தையல் சரியாகத் தோள் எலும்பின் முனையில் போய் உட்கார்ந்தது.

தோள்தான் முதல் சோதனை. கை நீளமென்றால் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம், கால்சட்டை நுனியை மடித்துத் தைக்கலாம். தோள் தப்பினால் எந்தத் தையல்காரராலும் காப்பாற்ற முடியாது. அடுத்து அக்குள், சட்டைக்காலரின் மடிப்பு, கால்சட்டையின் தொடை சேரும் இடம்; துணி முதலில் தேயும் மூலைகள் இவை. கம்பளியாக இருந்தால் தூக்கிக் குழல்விளக்குக்கு நேரே பிடிக்க வேண்டும். பூச்சி அரித்த துளை நட்சத்திரம்போல் மின்னும். பித்தானை இழு, ஜிப்பை முழுக்க ஏற்றி இறக்கு. கடைசியாக முகர்ந்து பார். பரண் வாசனையும் பாச்சை உருண்டை வாசனையும் போய்விடும். பூஞ்சை வாசனையும் பழைய வியர்வையும் போகாது. இதையெல்லாம் தங்கை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், மூக்கைச் சுளித்தபடி.

கருநீலக் கோட்டு, 90 சதவீதம் கம்பளி, 10 சதவீதம் காஷ்மீர், 49 வெள்ளி. உள்துணி அசையவில்லை. மாற்றுப் பித்தான் ஒன்று ஓரத்தில் தைத்தபடியே, யாரும் தொடாமல் இருந்தது. கை மட்டும் இரண்டு விரல் நீளம். கூட இரண்டு ஸ்வெட்டர், ஒவ்வொன்றும் 12. எனக்கு ஒரு லினன் சட்டை, 15 வெள்ளி. சென்னை மே மாதத்துக்கு ஆகும் என்று என் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

தங்கையைத் தேடினால் ஆளைக் காணோம். யுகாட்டா வரிசையில் இருந்தாள். ஜப்பானியர்கள் கோடையில் உடுத்தும் பருத்தி அங்கி அது. வெள்ளையில் நீலப் பூ, நீலத்தில் வெள்ளைத் தும்பி. துணியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உரசிக்கொண்டிருந்தாள். ஜவுளிக்கடைப் பாயில் உட்கார்ந்த நம் பாட்டிகள் எல்லோரும் செய்தது அது. மூக்குச் சுளிப்பு போயிருந்தது.

“நூல் நல்லாருக்குண்ணே. ஆனா இதை எங்க உடுத்துறது?”

உடுத்த வேண்டாம், பிரிக்கலாம் என்றேன். இந்த அங்கிக்கென்று நெய்யும் துணி 36, 37 செ.மீ. அகலம், 12 மீட்டர் நீளம். ஒரு பாவாடை நாடாவை அகலப்படுத்திய மாதிரி. அதை வளைத்து வெட்டுவதே இல்லை. நேராகத் துண்டு போட்டு நேராகத் தைக்கிறார்கள். கழுத்துப் பக்கம் மிஞ்சுவதைக்கூட வெட்டாமல் உள்ளே மடித்து விடுகிறார்கள். தையலைப் பிரித்தால் முழுத்துணியும் பட்டை பட்டையாகக் கைக்கு வந்துவிடும். அந்தக் காலத்து ஜப்பானிய வீடுகளில் அங்கியைப் பிரித்துத் துவைத்து, கஞ்சி போட்டு விறைப்பாகக் காயவைத்து, மறுபடி தைப்பார்கள். அதுவும் கிழிந்தால் குழந்தைக்குத் துணி, பிறகு தரை துடைக்க. இரண்டு சுடிதார் மேல்சட்டைக்கு ஆகும் என்று அவளே கணக்குப் போட்டாள். 19 வெள்ளி வீதம் இரண்டு யுகாட்டா கூடைக்குள் போயின. செத்தவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெட்டாலிங் ஜெயாவின் அம்கார்ப் மால். தாமான் ஜெயா ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே. வாரக் கடைசியில் அங்கே பழம்பொருள் சந்தை கூடும்: இசைத்தட்டு, கேமரா, கடிகாரம், தகர விளம்பரப் பலகை, நடுநடுவே துணி. பார்க்கச் சுவையான இடம். வாங்கப் போனால் அது வேறு விளையாட்டு. பழைய ராக் இசைக்குழுவின் படம் போட்ட சாயம்போன டீ-சட்டைக்கு, எங்கள் முழுக் கோட்டின் பல மடங்கு விலை சொன்னார்கள். கொடுக்கவும் ஆள் இருந்தது. எந்த மூட்டைக்குள் எது கிடக்கும் என்று தெரிந்தவர்கள் விடியலிலேயே பொறுக்கிவிடுகிறார்கள். அது பிறகு இணையத்தில் ஏறி, சில சமயம் வந்த நாட்டுக்கே திரும்பிப் போகிறது. தவறென்று சொல்லமாட்டேன், அதுவும் உழைப்புதான். ஆனால் ‘விண்டேஜ்’ என்ற சீட்டு ஒட்டிய மேசையில் சிக்கனம் இருக்காது. ஐஸ் கச்சாங் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம்.

எங்களுக்கு வேண்டிய மிச்சம் கிள்ளானிலேயே கிடைத்தது, கடைவீட்டு வரிசை ஒன்றின் மாடியில், பெயர்ப்பலகைகூட ஒழுங்காக இல்லாத பண்டல் கடையில். நடத்துகிறவர் ஐம்பது வயது மலாய்ப் பெண்மணி. அங்கே சீட்டு இல்லை, அளவு வரிசை இல்லை. நீலப் பிளாஸ்டிக் விரிப்பில் குவியல். மூட்டை பிரிக்கும் நாள் வியாழன் என்று பையனுக்குத் தெரிந்திருந்தது, அன்றே கூட்டிப்போனான். இடுப்பளவு மூட்டை, இறுக்கிக் கட்டிய பட்டையை வெட்டியதும் மூச்சு விட்டதுபோல் உப்பிச் சரிந்தது. சுற்றி நின்ற பெண்கள் ஒரு சொல் பேசாமல் குனிந்தார்கள். அந்த வேகத்துக்கு நாங்கள் ஈடில்லை. முதல் அலை ஓய்ந்த பிறகு ஓரத்தில் ஒதுக்கிய தடித்த துணிகளிடம் போனோம். அவற்றுக்குத்தான் அங்கே போட்டி கிடையாதே.

ஃபிளானல் சட்டை இரண்டு, ஒன்று 10 வெள்ளி. கார்டுராய் கால்சட்டை 20 சொன்னார்.

“போலே குராங், காக்?” என்றாள் தங்கை. குறைக்கலாமா அக்கா என்று அர்த்தம்.

அந்த அம்மாள் பையனை ஏற இறங்கப் பார்த்தார். இந்த வெயிலில் இது எதற்கு என்று மலாயில் கேட்டார். ஜெர்மனிக்குப் படிக்க என்றதும் 15 ஆக்கினார். குவியலுக்குள் கையை விட்டு ஒரு கம்பளி மஃப்ளரை உருவி, ஐந்து வெள்ளிதான், அம்மாவைப் பிரிந்து போகிறவனுக்குக் கழுத்து குளிரக் கூடாது என்றார். வியாபாரமா அக்கறையா என்று பிரித்துப் பார்க்க முடியாத அந்தப் பேச்சுக்கே ஐந்து வெள்ளி கொடுக்கலாம்.

காலணிகளும் மலைபோல் கிடந்தன, புதுசுபோல் பளபளவென்று. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. விளையாட்டுக் காலணிகளின் மெத்தென்ற அடியில் இருக்கும் பாலியூரிதேன், காற்றின் ஈரத்தாலேயே ஆண்டுக்கணக்கில் சிதைந்துகொண்டிருக்கும். வெப்பநாட்டில் இன்னும் வேகமாக. போடாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் உதிரும். செயற்கைத் தோல் ஜாக்கெட்டுகள் செதில் செதிலாக உரிவதும் இதே கதைதான். இவை இரண்டையும் பண்டல் கடையில் தொடவேண்டாம்.

அன்று மாலை துறைமுகம் பக்கம் போனோம். கிள்ளான் துறைமுகத்துக்கு 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றி வந்த ரஜூலா கப்பல் பினாங்கையும் இந்தத் துறையையும் தொட்டுத்தான் சிங்கப்பூர் போகும். 1926 முதல் 1973 வரை ஓடிய கப்பல் அது. தங்கையின் மாமியார் அதில் வந்தவர். இப்போது அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் சரக்குப் பெட்டகங்கள். ஜப்பான் ஏற்றுமதி செய்யும் பழந்துணியில் பெரும்பங்கு வருவது மலேசியாவுக்கு. ஜப்பானில் பிரித்துத் தரம்பார்க்கக் கூலி கட்டாது; கலப்படமாக அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். இங்குள்ள கிடங்குகளில் பெண்கள் நின்று ஆண் சட்டை, பெண் சட்டை, குழந்தைத் துணி, குளிருடை, துடைப்புத் துணி என்று பிரிக்கிறார்கள். கொஞ்சம் உள்ளூர்க் கடைக்கு, மிச்சம் பாகிஸ்தானுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மறுபடி கப்பல்.

எல்லா நாடும் இதற்குக் கதவைத் திறப்பதில்லை. பிலிப்பைன்ஸ் 1966-லேயே பழந்துணி இறக்குமதியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. உக்காய் உக்காய் என்ற பெயரில் அந்தத் துணி தெருவுக்குத் தெரு விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. இந்தோனேசியா 2015-ல் தடை விதித்தது; 2023-ல் பிடித்த மூட்டைகளை அமைச்சரே முன்னின்று கொளுத்தினார். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் உடுத்தத் தகுந்த பழந்துணியை இறக்க முடியாது. வெட்டிக் கந்தலாக்கினால் பானிபட்டின் நூல் ஆலைகளுக்குப் போகலாம். உள்ளூர் நெசவையும் தையலையும் காப்பாற்றத்தான் இதெல்லாம் என்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. திருப்பூர்க்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். நல்ல கோட்டுக்கு இந்தப் பெட்டகம் எனக்கு உதவியது. உதவாத துணி இதேபோல் எங்கோ ஒரு கரையில் குப்பையாகக் குவியும் என்பதும் அதே பெட்டகத்தின் கதைதான்.

கடைசி நிறுத்தம் ஜாலான் தெங்கு கிளானா, கிள்ளானின் குட்டி இந்தியா. மாலைக்கடை வரிசைக்கு நடுவே ஒரு தையல்கடை. பெரியவர் கோட்டைக் கையில் வாங்கியதும் உள்ளே வெளியே திருப்பினார். வெளிப்பக்கத்தை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

“எந்த ஊரு தையல் டீச்சர் இது? இப்ப எவன் இப்பிடித் தைக்கிறான்?”

கையைக் குறைக்க 25 வெள்ளி, கால்சட்டை நுனிக்கு 8. சாம்பல் ஜாக்கெட்டைத் திருப்பியவர் நின்றார். உள்பையின் மேல் பட்டுநூலில் இரண்டு ஜப்பானிய எழுத்துகள். அங்கே சூட்டு தைத்தால் குடும்பப் பெயரை உள்ளே தைத்துக் கொடுப்பது வழக்கம். கடையில் எங்கள் கண்ணில் அது படவில்லை. தங்கை முகம் மறுபடி சுருங்கியது. எடுத்துவிடச் சொன்னாள்.

“பிரிச்சா உள்துணி கிழிஞ்சிடும். மேல சின்னதா ஒரு துண்டு வச்சுத் தைச்சுடறேன், அஞ்சு வெள்ளி.”

“இருந்துட்டுப் போகட்டுமே, அம்மா” என்றான் பையன். அம்மா ஐந்து வெள்ளியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

கோட்டுக்கு டோபியில் உலர்சலவை 20. மலிவு என்று சொல்கிறவர்கள் விட்டுவிடும் கணக்கு இதுதான்: 49 வெள்ளிக் கோட்டு உடுத்தத் தயாராகும்போது 94 ஆகிவிடுகிறது. சலவையும் தையலும் சேர்த்துப் பார்த்தபின்னும் லாபமென்றால் வாங்கு, இல்லாவிட்டால் கம்பியிலேயே விடு. உடம்பை ஒட்டி அணியும் வெப்ப உள்ளாடை இரண்டு ஜோடி புதிதாகவே எடுத்தோம், 120. அதில் தங்கையிடம் விவாதத்துக்கே இடமில்லை, என்னிடமும் இல்லை.

இரவு அவள் பள்ளி நோட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் கூட்டினாள். கோட்டு, ஜாக்கெட், ஸ்வெட்டர் இரண்டு, சட்டை இரண்டு, கால்சட்டை, மஃப்ளர், உள்ளாடை, சலவை, தையல்: 316 வெள்ளி. நிறமும் ஒன்றோடொன்று சேர்ந்தது. கருநீலம், சாம்பல், பழுப்பு என்று மூன்றுக்குள்ளேயே நின்றிருந்தோம், எதை எதோடு போட்டாலும் பழுதில்லை. மிச்சம் 84. பனிக்காலணி இன்னும் பாக்கி.

இங்கேயே நாளைக்கு ஒரு மாலில் பார்த்துவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பனியைப் பார்க்காத ஊரில் விற்கும் பனிக்காலணி வழுக்குமா, நனையுமா என்று விற்கிறவருக்கே தெரியாது. அந்த 84 வெள்ளியை யூரோவாக மாற்றிக் கொடு, மேலே ஆவதை நான் போடுகிறேன், போன இடத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.